தடயவியலுக்குக் கண்ணைப் பழக்குவது எப்படி? வீட்டிலிருந்தே தொடங்கும் முழுமையான வழிகாட்டி

தடயவியல் படிக்க வரும் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் ஒரு புகைப்படத்தைக் காட்டுவேன். பத்து நிமிடம் கொடுத்து, பார்த்ததை எழுதச் சொல்வேன். சாதாரண வீட்டு ஹால்தான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி சாய்ந்து கிடக்கும், டம்ளர் ஒன்று உருண்டிருக்கும், தரையில் சிவப்பாக ஏதோ சிந்தியிருக்கும். பெரும்பாலும் எல்லாருடைய தாளிலும் ஒரே வரிதான் இருக்கும்: "இங்கே சண்டை நடந்து ஒருவருக்குக் காயம் பட்டிருக்கிறது." அந்தப் படத்தில் சண்டை எங்கே இருக்கிறது? நாற்காலி கிடக்கிறது, டம்ளர் கிடக்கிறது, சிவப்பாக ஒரு கறை இருக்கிறது. சண்டையைக் கொண்டுவந்து அங்கே வைத்தது பார்த்தவரின் மனம்.

இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வரும். கண்டது வேறு, கருதியது வேறு. இரண்டையும் பிரித்து வைக்கத் தெரிந்தவரைத்தான் நான் கவனிக்கத் தெரிந்தவர் என்பேன். நம் ஊர்க் காவல்துறை சம்பவ இடத்துக்குப் போனதும் தயாரிக்கும் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் இதற்காகத்தான் இருக்கின்றன: அங்கே என்ன இருந்தது, எங்கே இருந்தது, எப்படி இருந்தது. ஏன் இருந்தது என்பது பிறகு வரும் கேள்வி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 7 ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை தரக்கூடிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும் என்கிறது. இதை மாநிலங்கள் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவர அவகாசம் இருக்கிறது. ஆக, இந்தத் துறைக்கு ஆட்கள் நிறையத் தேவைப்படும். பட்டம் கல்லூரியில் கிடைத்துவிடும், கண்ணை மட்டும் நீங்களேதான் பழக்கியாக வேண்டும்.

படி 1: நடுவில் கோடு போட்ட நோட்டு

நூறு பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் 'கண்டது', வலது பக்கம் 'கருதியது'. முதல் இரண்டு வாரம் வலது பக்கத்தில் பேனாவே வைக்கக் கூடாது.

தினமும் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பஸ் ஸ்டாப், டீக்கடை பெஞ்ச், உங்கள் வீட்டு வாசற்படி, எதுவானாலும் சரி. பத்து நிமிடம் பார்த்து, அங்கேயே நின்று எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வார்த்தையாகச் சோதியுங்கள். "பழைய செருப்பு" என்று எழுதியிருந்தால் அது கருத்து. "இடது கால் ரப்பர் செருப்பு, நீல வார், குதிகாலின் வெளி ஓரம் தேய்ந்து உள்ளே வெள்ளை அடுக்கு தெரிகிறது" என்றால் அது கண்டது. நிறைய, கொஞ்சம், பக்கத்தில், புதிது, அழுக்கு, சந்தேகத்துக்கிடமான: இந்த வார்த்தைகளையெல்லாம் முதல் மாதத்தில் அடித்துக்கொண்டே இருப்பீர்கள். அடியுங்கள்.

இருப்பதிலேயே அதிகம் பேரைக் கவிழ்க்கும் வார்த்தை 'இரத்தம்'. நம் ஊர் வாசல்களில் சிவப்பாக என்னவெல்லாம் சிந்தும் என்று யோசித்துப் பாருங்கள். வெற்றிலை எச்சில், ஆரத்தி தண்ணீர், குங்குமம் கரைந்த நீர், துரு, மருதாணி. ஆய்வகத்திலேயே கூட காஸ்ல்-மேயர் சோதனையில் இளஞ்சிவப்பு நிறம் வந்ததும் "இரத்தமாக இருக்கலாம்" என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், ஏனென்றால் சில காய்கறிச் சாறுகளுக்கும் அந்த நிறம் வரும், உறுதிசெய்ய வேறு சோதனை வேண்டும். அவர்களே அவ்வளவு நிதானமாக இருக்கும்போது வெறும் கண்ணால் பார்த்த நாம் அவசரப்படக் கூடாது. "கதவிலிருந்து 2 அடி உள்ளே, உள்ளங்கை அகலத்தில், செம்பழுப்பு நிறக் கறை, ஓரம் காய்ந்திருக்கிறது, நடுவில் ஈரம்." இவ்வளவு எழுதினால், இரண்டு மணி நேரம் கழித்து அது முழுதும் காய்ந்த பிறகு வருபவருக்கும் நீங்கள் பார்த்த நிலை தெரியும்.

படி 2: வாசலிலேயே நில்லுங்கள்

ஒரு அறையைப் பார்க்கச் சொன்னால் நம் கால் தானாக உள்ளே போய்விடும். இந்தப் பழக்கத்தைத்தான் முதலில் உடைக்க வேண்டும். பிரான்சின் லியோன் நகரில் 1910-இல் காவல்துறைக்கென்று ஆய்வகம் அமைத்த எட்மண்ட் லோகார்ட் சொன்ன கருத்தை இந்தத் துறையில் எல்லாரும் படித்திருப்பார்கள்: இரண்டு பொருள்கள் தொட்டுக்கொண்டால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏதாவது ஒட்டிக்கொண்டு போகும். குற்றவாளிக்குப் பொருந்தும் இந்த விதி உங்களுக்கும் அப்படியே பொருந்தும். நீங்கள் உள்ளே வைக்கும் ஒவ்வொரு அடியும் எதையோ கொண்டுபோய் விடும், எதையோ எடுத்து வரும்.

அதனால் வாசலில் நின்று முதலில் மணி எத்தனை என்று எழுதுங்கள். அடுத்து வாசனை. மூக்கு சில நிமிடங்களிலேயே ஒரு வாசனைக்குப் பழகிவிடும், அதற்கப்புறம் எவ்வளவு முயன்றாலும் அது தெரியாது. மண்ணெண்ணெய், ஊதுபத்தி, பினாயில், தீய்ந்த பால் என்று எதுவாக இருந்தாலும் முதல் அரை நிமிடத்திலேயே குறித்துவிட வேண்டும். பிறகு மாறிவிடக்கூடியவை எல்லாம்: ஃபேன் ஓடுகிறதா, ரெகுலேட்டர் எந்த எண்ணில் இருக்கிறது, எந்த லைட் எரிகிறது, ஜன்னல் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, தாழ்ப்பாள் உள்ளே போட்டிருக்கிறதா, டிவி ஓடுகிறதா. யாராவது வந்து பழக்கதோஷத்தில் சுவிட்சை அணைத்துவிட்டால் இந்தத் தகவல் திரும்ப வராது.

வீட்டில் பயிற்சி செய்வது சுலபம். தினமும் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும் முன் வாசலில் ஒரு நிமிடம் நின்று இதை எழுதுங்கள். வீட்டில் இருப்பவர்கள் முதல் வாரம் விசித்திரமாகப் பார்ப்பார்கள், பிறகு பழகிவிடும்.

படி 3: கண்ணுக்கு ஒரு பாதை போடுங்கள்

நம் கண் பளிச்சென்று இருப்பதைத் தேடிப் போகும். அறையில் ஒரு உடல் கிடந்தால் அதைத் தவிர வேறெதையும் பார்க்காது. இதற்கு மருந்து கண்டவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் பிரான்சஸ் கிளெஸ்னர் லீ என்ற அமெரிக்கப் பெண்மணி. 1878-இல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ஹார்வர்டில் சட்ட மருத்துவத் துறை உருவாகப் பணம் கொடுத்தவர். 1940-களில் மரணம் நடந்த அறைகளை ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற அளவில், பொம்மை வீடுகளாகச் செய்தார். நிஜமாகவே ஊசியால் பின்னிய குட்டிக் காலுறைகள், சுவரில் மாட்டிய நாட்காட்டி, மேசைமேல் பாத்திரம், எல்லாம் அளவு பிசகாமல். காவலர்களுக்குப் பயிற்சி கொடுக்கத்தான் இவ்வளவும். அவற்றில் 18 அறைகள் இன்றும் பால்டிமோரில் மேரிலாந்து மாநிலத் தலைமை மரண விசாரணை மருத்துவர் அலுவலகத்தில் இருக்கின்றன, பயிற்சிக்கும் பயன்படுகின்றன.

அந்த அறைகளைப் பார்க்கும் முறைதான் நமக்கு முக்கியம். இடது பக்கத்தில் தொடங்கி, கடிகார முள் சுற்றும் திசையில் சுவரோரமாகவே கண்ணை நகர்த்தி, கடைசியில்தான் நடுவுக்கு வர வேண்டும். உடல் நடுவில் கிடந்தாலும் அது கடைசி.

நான் இதோடு உயரத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். ஒரு சுற்று தரை மட்டும். அடுத்த சுற்று முழங்காலிலிருந்து தலை உயரம் வரை. மூன்றாவது சுற்று அதற்கு மேலே, பரண், ஃபேன் இறக்கை, கூரை எல்லாம். மேலே பார்க்க மறப்பது எல்லாருக்கும் பொதுவான தவறு. பயிற்சிக்கு உங்கள் சமையலறையே போதும். நீங்கள் வெளியே இருக்கும்போது யாரையாவது மூன்று பொருளை இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். பாதை போட்டுப் பார்த்தால் கண்டுபிடிக்கும் எண்ணிக்கையும், சும்மா பார்த்தால் கண்டுபிடிக்கும் எண்ணிக்கையும் எவ்வளவு வேறுபடுகிறது என்று நோட்டில் எழுதி வையுங்கள்.

படி 4: அளவு, வரைபடம், சாய்ந்த வெளிச்சம்

உங்கள் சாண் எத்தனை செ.மீ., உங்கள் ஒரு எட்டு எத்தனை செ.மீ., சுட்டுவிரல் அகலம் எத்தனை மி.மீ. என்று இன்றே அளந்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு எதைப் பார்த்தாலும் முதலில் தூரத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லி, உடனே டேப் வைத்துச் சரிபாருங்கள். ஒரு மாதத்தில் கண் நன்றாகவே திருந்தும். ஆனால் மகஜரிலும் வரைபடத்திலும் போக வேண்டியது டேப் சொன்ன எண்தான்.

வரைபடத்தில் ஒரு பொருளைக் குறிக்கும்போது நகராத இரண்டு இடங்களிலிருந்து அளவெடுங்கள். கதவு நிலையின் மூலை, சுவர் மூலை போன்றவை சரி. கட்டில், பீரோ வேண்டாம், நாளைக்கே யாராவது நகர்த்திவிடுவார்கள். படம் எடுத்தால் மூன்று தூரத்தில்: முழு அறை, அந்தப் பொருளும் அதன் சுற்றமும், பொருள் மட்டும் அருகில். அருகில் எடுப்பதை அளவுகோல் இல்லாமல் ஒரு முறை, அளவுகோல் வைத்து ஒரு முறை எடுக்க வேண்டும்.

அப்புறம் டார்ச். இதைச் செய்து பார்க்காதவர்களுக்கு நம்பவே முடியாது. ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள். பகலில் சுத்தமாகத் தெரிந்த ரெட் ஆக்ஸைடு தரையில், டைல்ஸில், காலடித்தடங்களும் தலைமுடியும் விரல் தடவிய கோடுகளும் எழுந்து நிற்கும். வெளிச்சம் சாய்வாக விழும்போது சின்ன மேடு பள்ளத்துக்கும் நிழல் விழுகிறது, அவ்வளவுதான் காரணம். டார்ச்சை நாலு பக்கத்திலிருந்தும் அடித்துப் பாருங்கள், ஒரு பக்கத்திலிருந்து தெரியாதது இன்னொரு பக்கத்திலிருந்து தெரியும்.

படி 5: இல்லாததைப் பாருங்கள்

இருப்பதைப் பார்ப்பதற்குக் கண் போதும். இல்லாததைப் பார்க்க, அந்த இடத்தில் வழக்கமாக என்ன இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். தெருவில் எல்லா வாசலிலும் கோலம் இருக்கிறது, ஒரு வாசலில் மட்டும் இல்லை. கேட்டில் நேற்றைய பால் பாக்கெட் அப்படியே தொங்குகிறது. சார்ஜர் சொருகியிருக்கிறது, போன் இல்லை. அலமாரியில் தூசிக்கு நடுவே நீள்சதுரமாக ஒரு சுத்தமான இடம். இவையெல்லாம் 'கண்டது' பக்கத்தில் தாராளமாக வரலாம், ஏனென்றால் இல்லை என்பதும் கண்ணால் கண்ட செய்திதான். வீட்டில் ஆள் இல்லை, திருடு போயிருக்கிறது என்பதெல்லாம் வலது பக்கம்.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தை ஆராய்ந்தவர், தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் அன்றைய இயக்குநர் பி. சந்திரசேகரன். குண்டு எங்கே இருந்தது என்ற கேள்விக்கு மேடை, பூக்கூடை, தரை என்று பல ஊகங்கள் அப்போது இருந்திருக்கும். சிதறிக் கிடந்தவற்றில் ஒரு பெண்ணின் தலையும் கால்களும் இருந்தன, இடுப்பை ஒட்டிய நடுப்பகுதி இல்லை. இல்லாத அந்தப் பகுதிதான் குண்டு அவள் உடலிலேயே கட்டப்பட்டிருந்தது என்ற முடிவுக்குக் கொண்டுபோனது. அந்த நெருக்கடியில், அவ்வளவு கோரமான காட்சிக்கு நடுவில், எது இல்லை என்று எண்ணிப் பார்க்கும் நிதானத்தை நான் ஒவ்வொரு முறையும் வியந்து நினைப்பேன்.

படி 6: பீட்ரூட் சாறும் விரிசல் விழுந்த போனும்

கொஞ்சம் கைவேலை. பீட்ரூட்டை அரைத்து வடிகட்டி, சோள மாவு கொஞ்சம் கரைத்து, தண்ணீரைவிடக் கெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். வழவழப்பான அட்டை ஒன்றைத் தரையில் படுக்க வைத்து மேலேயிருந்து ஒரு சொட்டு விடுங்கள், வட்டமாக விழும். அட்டையைத் தரையிலிருந்து 60 டிகிரி தூக்கிச் சாய்த்து மறுபடி ஒரு சொட்டு. இப்போது நீள்வட்டமாக விழும், ஒரு முனையில் வால் இருக்கும். வாலை விட்டுவிட்டு நீள்வட்டத்தின் அகலத்தையும் நீளத்தையும் அளந்து, அகலத்தை நீளத்தால் வகுங்கள். கிட்டத்தட்ட 0.5 வர வேண்டும். எந்தக் கோணத்தின் சைன் மதிப்பு 0.5? 30 டிகிரி. சொட்டு அட்டையை மோதிய கோணம் அதுதான். இரத்தத் தெறிப்பை ஆராய்பவர்கள் போடும் கணக்கும் இதே கணக்குதான். வால் நீண்டிருக்கும் பக்கம் சொட்டு போய்க்கொண்டிருந்த திசை. இதையே துணியிலும் சொரசொரப்பான சிமெண்ட் தரையிலும் செய்யுங்கள். ஓரம் எப்படிச் சிதைகிறது, கணக்கு எப்படித் தப்புகிறது என்று தெரியும். எங்கே கணக்குப் போடக் கூடாது என்று தெரிவதும் இந்தப் படிப்பில் பாதி.

கண்ணாடிக்கு எதையும் உடைக்க வேண்டாம். வீட்டில் விரிசல் விழுந்த போன் ஒன்று கட்டாயம் இருக்கும், பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்தில் அடிபட்டிருந்தால், பின்னால் வந்த விரிசல் முன்னால் இருந்த விரிசலைத் தொட்டதும் நின்றுவிடும், தாண்டாது. எது முதலில் விழுந்தது, எது பிறகு என்று அந்த ஒரு சந்திப்பிலேயே சொல்லிவிடலாம். ஜன்னல் கண்ணாடியில் இரண்டு குண்டு பாய்ந்திருந்தால் எது முந்தியது என்று சொல்வதும் இப்படித்தான்.

படி 7: மண்ணைப் படிப்பது

இதில் நமக்கு ஆசான்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். 1978-இல் தொடங்கப்பட்டு மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பலர் பாம்புப் பண்ணையாக மட்டுமே தெரிந்து வைத்திருக்கிறார்கள். அந்த மக்களின் கண்ணை நினைத்துப் பாருங்கள். இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள், அங்கே பெருகிவிட்ட பர்மா மலைப்பாம்புகளைத் தேட. அவர்கள் பார்த்தே இராத காடு, புதர், சதுப்பு. இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பாம்பைத் தேடிக்கொண்டு போகாமல், பாம்பு விட்டுப்போன தடத்தையும் எச்சத்தையும் உரித்த சட்டையையும் தேடிப் போவதுதான் அவர்கள் வழி.

நீங்கள் செய்ய வேண்டியது: ஈர மண்ணில் வெறுங்காலால் ஒரு தடம் பதியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை, பொழுது சாயும் வரை போய்ப் பாருங்கள். ஓரம் எப்போது உதிரத் தொடங்குகிறது, எறும்பு எப்போது குறுக்கே போகிறது, காய்ந்த இலை எப்போது உள்ளே விழுகிறது என்று படம் எடுத்து நேரத்தோடு எழுதுங்கள். மறுநாள் பனி விழுந்த பிறகு மறுபடி பாருங்கள். வெயிலில், நிழலில், மணலில், களிமண்ணில் என்று மாற்றி மாற்றிச் செய்தால் ஒரே வயதுள்ள தடம் எத்தனை முகம் காட்டும் என்று புரியும். பார்க்கக் காலை வெயிலும் மாலை வெயிலும்தான் நல்லது, உச்சி வெயிலில் நிழலே இருக்காது.

படி 8: கதையைக் கேட்கும் முன் பார்த்து முடியுங்கள்

எல்லாப் படிகளிலும் கடினமானது இது. 2004 மார்ச்சில் ஸ்பெயினின் மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்தபோது, வெடிகுண்டுப் பொருள்கள் இருந்த பை ஒன்றில் கைரேகை கிடைத்தது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அதை ஓரிகன் மாநில வழக்கறிஞர் ஒருவருடையது என்று உறுதியாகச் சொல்லி, அவரைச் சுமார் இரண்டு வாரம் காவலில் வைத்தது. கைரேகையைப் பார்த்தவர்கள் யாரும் புதியவர்கள் இல்லை. பிறகு ஸ்பெயின் காவல்துறை அது அல்ஜீரியாவைச் சேர்ந்த வேறொருவருடைய ரேகை என்று காட்டியது, எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது.

இதையே வைத்து இட்டியல் ட்ரோர் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவும் 2006-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அனுபவமுள்ள ஐந்து கைரேகை நிபுணர்களிடம் ஒரு ஜோடி ரேகையைக் கொடுத்து, இது அந்த மாட்ரிட் வழக்கில் தப்பாகச் சொன்ன ரேகை என்றார்கள். உண்மையில் அவை, அந்தந்த நிபுணரே சில ஆண்டுகளுக்கு முன் பொருந்துகிறது என்று தீர்ப்புச் சொன்ன ரேகைகள். ஐந்தில் நான்கு பேர் தங்கள் பழைய முடிவை மாற்றிக்கொண்டார்கள். ரேகை மாறவில்லை, காதில் விழுந்த கதை மட்டும்தான் மாறியது.

அதனால் பயிற்சியின்போது படத்தையோ இடத்தையோ கொடுப்பவரிடம் "என்ன நடந்ததுன்னு சொல்லாதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கண்டதை எழுதி முடித்து, நேரம் போட்டு, நோட்டை மூடிய பிறகு கதையைக் கேளுங்கள். அதன்பின் தோன்றுவதை வேறு மையில் எழுதுங்கள். வலது பக்கம் திறக்கும் நாள் வந்ததும் எந்தத் தடயத்துக்கும் ஒரே ஒரு விளக்கத்தோடு நிற்காதீர்கள், குறைந்தது மூன்று எழுதுங்கள், அவற்றில் ஒன்றாவது குற்றம் எதுவும் நடக்காத விளக்கமாக இருக்கட்டும்.

தேடுவதும் ஒரு வகைக் கதைதான். 2013-இல் வெளியான ஒரு ஆய்வில் 24 கதிரியக்க மருத்துவர்களிடம் நுரையீரல் ஸ்கேனில் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். படத்துக்குள் ஒரு கொரில்லா உருவத்தைச் சேர்த்திருந்தார்கள், கட்டியைப்போல் 48 மடங்கு பெரிது. நூற்றுக்கு 83 பேர் அதைக் கவனிக்கவில்லை. கண் அந்த இடத்தில் பட்டும் தெரியவில்லை. நான் இதற்குச் செய்வது இரண்டு சுற்று: முதல் சுற்று எதையும் தேடாமல், இரண்டாவது சுற்று பட்டியலோடு.

சாட்சியிடம் பேசும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். "கார் எவ்வளவு வேகமா வந்து நொறுக்குச்சு?" என்று கேட்டால் ஒரு பதில் வரும், "கார் எவ்வளவு வேகத்துல வந்துச்சு?" என்று கேட்டால் வேறு பதில் வரும். உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1974-லேயே இதைச் சோதித்துக் காட்டினார். கடுமையான வினைச்சொல்லைக் கேட்டவர்கள் அதிக வேகம் சொன்னதோடு, இல்லாத உடைந்த கண்ணாடியையும் பார்த்ததாகக் கூடுதலாகச் சொன்னார்கள். "அண்ணே, நீங்க பார்த்ததை முதல்லேர்ந்து சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் நல்லது.

படி 9: நோட்டை நீதிமன்றத்துக்குத் தயார் செய்வது

நீங்கள் இன்று பார்த்ததைப் பற்றி மூன்று, நான்கு ஆண்டு கழித்துக் கூண்டில் ஏற்றிக் கேட்பார்கள். அப்போது நினைவு கைகொடுக்காது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உங்கள் கருத்தைவிட உங்கள் குறிப்பைத்தான் பிரித்து மேய்வார். ஆகவே பயிற்சி நோட்டையே அந்தப் பழக்கத்தோடு எழுதுங்கள். பென்சில் வேண்டாம். பக்க எண் முதலிலேயே போட்டுவிடுங்கள், பக்கத்தைக் கிழிக்காதீர்கள், நடுவில் வெற்றிடம் விட்டால் குறுக்கே கோடு போடுங்கள். எங்கே நின்று பார்த்தீர்கள், வெளிச்சம் எப்படி இருந்தது, கூட யார் இருந்தார்கள் என்பதும் இருக்கட்டும். தப்பாக எழுதிவிட்டால் மேலேயே கிறுக்கவோ வெள்ளை மை தடவவோ கூடாது. பழைய எழுத்து படிக்கும்படி ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் நேரமும் போடுங்கள்.